ஒன்றரை ஷிப்ட்

2023 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை இரவு அம்மா போனில் கேட்டாள். "ஏங்கண்ணு, பன்னெண்டு மணி நேர வேலைக்குச் சட்டம் போட்டுட்டாங்கன்னு டிவியில சொல்றானுங்க. இப்பத்தான் போடறாங்களா? அப்ப இத்தன வருசமா நாங்க பாத்ததுக்குப் பேரென்ன?"

சிரித்து மழுப்பினேன். அம்மா கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் செக்கிங் வேலை பார்த்தவள் அவள். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை பார்த்து, பிசிறு வெட்டித் தள்ள வேண்டும். முழுக்க நின்றபடி செய்கிற வேலை. அந்த வேலையில்தான் நான் இன்ஜினியர் ஆனேன்.

முந்தைய நாள், ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. 65ஏ என்று ஒரு புதிய பிரிவு. வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, மிகுதி நேர ஊதியம் பற்றிய பிரிவுகளிலிருந்து, கேட்கிற தொழிற்சாலைக்கு அரசு விலக்குத் தரலாம் என்றது அது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. 24-ஆம் தேதி அதை நிறுத்திவைப்பதாக அரசு சொன்னது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அது வேறொரு வகையிலும் முக்கியமான மே தினம். சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1923-இல், இதே சென்னைக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

எல்லாரும் ஒரு வெற்றியாக அதைப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அம்மாவின் கேள்வி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வராமல் போன சட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம். ஏற்கெனவே இருந்த சட்டம் எங்கள் வீட்டுக்கு ஏன் வரவே இல்லை?

திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்பது விளக்கம் தேவைப்படாத சொல். காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குப் போனால் எட்டு மணி நேர வேலை. ஐந்தரைக்கு ஒரு டீ. அதன்பின் ஒன்பதரை வரை நின்றால் இன்னும் அரை ஷிப்ட். சரக்கு கப்பலுக்குப் போகிற அவசரம் என்றால் நள்ளிரவைத் தாண்டி இரண்டு ஷிப்ட்டும் உண்டு. "இன்னிக்கு எத்தன?" "ஒண்ணரை." பக்கத்து வீடுகளில் சாயங்காலம் இப்படித்தான் விசாரித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை சம்பளம். வாரத்தின் ஷிப்டுகளைக் கூட்டி, ஷிப்ட் ரேட்டால் பெருக்கி, கவரில் போட்டுத் தருவார்கள். ஆறு நாளும் ஒன்றரை பார்த்தால் ஒன்பது ஷிப்ட்.

இந்தச் சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை முப்பத்து மூன்று வயது வரை நான் யோசித்ததே இல்லை. அந்த சனிக்கிழமைக்குப் பிறகுதான் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். பிரிவு 51: வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பிரிவு 54: ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான். பிரிவு 59: ஒரு நாளில் 9 மணி நேரமோ, ஒரு வாரத்தில் 48 மணி நேரமோ தாண்டினால், தாண்டிய நேரத்துக்குச் சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும்.

அம்மா ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்த வாரத்தில் வேலை 72 மணி நேரம். அதில் 48 போக மீதி 24 மணி நேரம் மிகுதி நேரம். அதற்கு இருமடங்கு என்றால் 48 மணி நேரக் கூலி. ஆக மொத்தம் 96 மணி நேரக் கூலி, அதாவது 12 ஷிப்ட். கவரில் இருந்தது ஒன்பது. சட்டப்படி ஒன்றரை ஷிப்ட் என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் அது இரண்டு ஷிப்ட். 'ஒன்றரை' என்று சொல்லும்போதே அரை ஷிப்ட் கூலி காணாமல் போய்விடுகிறது. யாரும் திருடிய மாதிரி இல்லை. கணக்குத் தெரிந்த ஒரு ஊரே அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக டீ குடித்துக்கொண்டிருந்தது.

போராடத் தெரியாத ஊரும் இல்லை அது. 1984-இல் பஞ்சப்படி கேட்டு நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த ஊர். எங்கள் தாத்தா தலைமுறை அதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் பார்த்த திருப்பூரில், ஒன்றரை ஷிப்ட் இல்லாத கம்பெனியைத்தான் 'மோசமான கம்பெனி' என்பார்கள். "அங்க ஒரு ஷிப்ட்தாங்க ஓடுது, கட்டுபடியாகாது." எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடத்த முடியாதபோது, மிகுதி நேரம் என்பது தொழிலாளி தானே கேட்டு வாங்குகிற வரம் ஆகிவிடுகிறது. வரத்துக்கு ரேட் பேச முடியுமா?

இருமடங்கு எதற்காக என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். களைத்த உடம்புக்குத் தருகிற ஊக்கத்தொகை என்றுதான் நினைத்திருந்தேன். அது முதலாளிக்குப் போடப்பட்ட வேலி. ஒன்பதாவது மணிக்கு மேல் ஒவ்வொரு மணியும் இரட்டை விலை என்றால், ஒரே ஆளைப் பிழிவதைவிட இன்னோர் ஆளை வேலைக்கு எடுப்பதுதான் லாபம். அப்படிக் கணக்குப் போட வைத்து மனிதனை வீட்டுக்கு அனுப்புகிற ஏற்பாடு. ஒற்றைக் கூலி என்றால் வேலி விழுந்துவிட்டது என்று பொருள். 2020-இல் குஜராத் அரசு கொரோனாவைக் காரணம் காட்டி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு அனுமதி தந்து, மிகுதி நேரத்துக்கு ஒற்றைக் கூலி போதும் என்று அறிவிக்கை வெளியிட்டது. அதே ஒன்றரை ஷிப்ட். அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அறிவிக்கை வெளியான நாளிலிருந்து பார்த்த மிகுதி நேரத்துக்கு இருமடங்கு தரச் சொன்னது. திருப்பூரில் அறிவிக்கையே இல்லாமல் நடந்துகொண்டிருந்ததை, குஜராத் அறிவிக்கை போட்டுச் செய்யப் போய் மாட்டிக்கொண்டது.

இதுவரை எழுதியது எல்லாம் நியாயம் பேசுகிற மகனின் குரல். இதற்கு மேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

2015-இல் நான் சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். தொழிற்சாலைகளுக்கான வருகைப்பதிவு, சம்பளக் கணக்கு மென்பொருள் எங்கள் சரக்கு. கைரேகை வைத்தால் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் பதிவாகும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு தானாக வரும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஏற்றுமதிக் கம்பெனிகள். அவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. வெளிநாட்டு பையர் ஆடிட் அனுப்புவான். ஆடிட்டர் வந்து முதலில் கேட்பது வருகைப்பதிவும் சம்பளப் பதிவும்தான். மிகுதி நேரம் இருமடங்கில் தரப்பட்டிருக்க வேண்டும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 1948 சட்டத்தில் பிரிவு 64-இன்படி விலக்குப் பெற்றால்கூட மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம்தான் மிகுதி வேலை வாங்கலாம். அம்மாவின் கணக்கில் வாரத்துக்கு 24 மணி. இரண்டு வாரம் முடிந்து மூன்றாவது திங்கட்கிழமையிலேயே அந்தக் காலாண்டின் வரம்பு தீர்ந்துவிடும்.

காகித ரெஜிஸ்டர் காலத்தில் இதற்கு ஒரு தீர்வு இருந்தது: இரண்டு ரெஜிஸ்டர். உண்மைக் கணக்கு ஒன்று, ஆடிட் கணக்கு ஒன்று. அதை எழுதவே தனி ஆள் இருப்பார். கைரேகை இயந்திரம் வந்ததும் அந்த ஆளின் வேலை எனக்கு வந்தது.

"சின்ன கண்டிஷன்தான்பா, ரெண்டு நாள் வேலை" என்றார் மேனேஜர். உண்மையான பதிவிலிருந்து இன்னொரு பதிவை உருவாக்க வேண்டும். இரவு 9:34-க்கு வெளியே போனவர் மாலை 5:30-ஐ ஒட்டிப் போனதாகக் காட்ட வேண்டும். வரம்புக்குள் அடங்குகிற கொஞ்சம் மிகுதி நேரத்தை அங்கங்கே தூவ வேண்டும். மீதிப் பணத்தை 'இன்சென்டிவ்' என்ற தலைப்புக்கு மாற்ற வேண்டும். எல்லாரும் டாண் என்று 5:30-க்கு வெளியேறினால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வருமே? அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொருவருக்கும் தற்செயலாக ஒன்று முதல் ஒன்பது நிமிடம் வரை கூட்டினேன். ஒருவர் 5:32, ஒருவர் 5:37. பார்க்க அத்தனை இயல்பாக இருந்தது. மேனேஜர் தோளில் தட்டினார். அந்த வருட அப்ரைசலில் 'வாடிக்கையாளர் தேவையை நுட்பமாக உணர்ந்து செயல்படுபவர்' என்று எழுதியிருந்தார்கள்.

அப்போது எனக்கு உறுத்தவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அம்மா வேலையை விட்டு நின்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் முழங்காலுக்கு மாத்திரை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த முழங்காலுக்கும் என் திரையில் ஓடிய எண்களுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவே இல்லை. தொழிலாளர் அங்கே வெறும் ஆறு இலக்க எண். ஒருவேளை நம் படிப்பு கற்றுத்தந்ததே அதுதானோ என்னவோ. வீட்டில் பார்த்தது ஒரு பக்கம், வேலையில் செய்வது ஒரு பக்கம். எனக்கும் இரண்டு ரெஜிஸ்டர் இருந்திருக்கிறது.

அந்த மே மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கணக்கைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். 48, 24, இருமடங்கு, பன்னிரண்டு ஷிப்ட். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள்.

உள்ளே மாதக் காலண்டர் தாள்கள். மளிகைக் கடையில் தருகிற காலண்டர். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பேனாவால் 1, 1½, 2. விடுப்பு நாளில் ஒரு கோடு. சனிக்கிழமைக் கட்டத்தின் ஓரத்தில் கூட்டுத்தொகையும் வாங்கிய பணமும். அந்த வருடத்து ஷிப்ட் ரேட் ஜனவரித் தாளின் தலையில். "கணக்கப்பிள்ளை சில சமயம் அரை ஷிப்ட்ட முழுங்கிருவான் சாமி. அதான் நானும் எழுதி வெப்பேன். ஒருக்கா சண்ட போட்டு வாங்கியிருக்கறேன்." எல்லா வருடமும் இல்லை. சிலதைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் 2007 முதல் 2010 வரை முழுசாக இருந்தது. நான் கல்லூரியில் படித்த வருடங்கள்.

அந்த இரவு தூங்கவில்லை. கட்டம் கட்டமாக எண்ணினேன். இரண்டு ஷிப்ட் எழுதிய நாட்களை விட்டுவிட்டு, ஒன்றரை நாட்களை மட்டும். 2007-இல் 208 நாள், ஷிப்டுக்கு 90 ரூபாய். 2008-இல் 212 நாள், 100 ரூபாய். 2009-இல் 205 நாள், 115 ரூபாய். 2010-இல் 195 நாள், 130 ரூபாய். ஒவ்வொரு ஒன்றரைக்கும் அரை ஷிப்ட் பாக்கி. மொத்தம் 410 ஷிப்ட். 44,422 ரூபாய் 50 காசு. விடுப்பு எடுத்த வாரங்களில் 48 மணி தாண்டாமல் இருந்திருந்தால் ஒன்பதாவது மணிக்கு மேல்தான் இருமடங்கு. அதனால் இந்தத் தொகை கொஞ்சம் குறையலாம். இரண்டு ஷிப்ட் நாட்களைச் சேர்த்தால் கூடும்.

தொகையைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது அம்மாவின் தாலிக்கொடி. மூன்றாம் வருடக் கட்டணத்துக்கு அடகு வைத்தது. வட்டி கட்ட முடியாமல் ஏலத்தில் போனது. அப்போது வாங்கியிருந்த கடன் 40,000 ரூபாய். மஞ்சள் கயிற்றோடுதான் என் பட்டமளிப்புக்கு வந்திருந்தாள்.

காலையில் தொகையைச் சொன்னேன். கொடியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். "அந்தக் கொடிய மூட்டியிருக்கலாம்." அவ்வளவுதான். பிறகு, "இனி அதுக்கு வெசனப்பட்டு என்ன பண்றது. கொத்தமல்லிய நறுக்கிக் குடு" என்றாள்.

கேட்டு வாங்க வழியில்லையா என்று தேடினேன். ஊதியம் வழங்கல் சட்டப்படி பாக்கியைக் கேட்க ஒரு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். 2019-இல் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் அதை மூன்று வருடம் ஆக்கியிருக்கிறது. இருமடங்கு என்ற விதியும் அதில் அப்படியே இருக்கிறது. அந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. கூலி வரவில்லை என்று தொழிலாளி மனு செய்தால், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே வயிற்றைப் பிசைந்தது. முதலாளி எதைக் காட்டி நிரூபிப்பார்? வருகைப்பதிவைக் காட்டி. 5:32, 5:37.

அம்மாவின் பாக்கிக்கு எல்லாக் காலக்கெடுவும் தாண்டிவிட்டது. அவளுடைய தோழிகளின் மகள்கள் இப்போதும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் காலண்டர் தாள் இல்லை. கைரேகை இயந்திரம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறதே, நாம் எதற்கு எழுத வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தினமும் எழுதி வையுங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சனிக்கிழமை வாங்கிய பணம். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கசக்கிப் போடாதீர்கள். "சரிங்ணா" என்கிறார்கள். ஒரு பெண் மட்டும் திருப்பிக் கேட்டாள். "எழுதி வெச்சுக் கேட்டா அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம்பாங்களேங்ணா?" சங்கத்துக்குப் போகலாம், தொழிலாளர் அலுவலரிடம் மனு தரலாம் என்றேன். சரியான பதில்தான். ஆனால் மாதச் சம்பளக்காரன் சொல்கிற பதில். அவள் முகத்தில் அது தெரிந்தது.

பழைய நிறுவனத்தை விட்டு வந்து பல வருடம் ஆகிறது. அங்கே இன்னும் இருக்கும் நண்பனைக் கூப்பிட்டு, நான் எழுதிய அந்தப் பகுதியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அதத்தான்டா எல்லாரும் கேட்டு வாங்கறாங்க. இப்ப அது தனி மாட்யூல். அதுக்குத் தனி விலை." நான் எழுதிய வரிகளில் எத்தனை மிச்சம் இருக்கும் என்று தெரியாது. அந்த ஒன்று முதல் ஒன்பது நிமிடம் மட்டும் இருக்கும் என்று தோன்றுகிறது. அது நன்றாக வேலை செய்தது.

போன தீபாவளிக்கு ஊரில் இருந்தேன். ஒரு ரிலீஸ் சிக்கல் என்று இரவு எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தவன், விடிகாலை மூன்றரைக்கு மூடினேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னிக்கு உனக்கு எத்தன கண்ணு?"

மாதச் சம்பளம்மா, எங்களுக்கு ஷிப்ட் கணக்கெல்லாம் கிடையாது என்றேன். "அப்ப இதுக்குக் காசில்லையா?" இல்லை, ஒரு நாள் லீவு தருவாங்க, எடுக்க முடிந்தால். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்காச்சும் அரை ஷிப்ட் குடுத்தாங்க" என்றாள்.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்து, மிகுதிக்கு இருமடங்கு என்கிறது. எங்கள் துறைக்கு விலக்கு உண்டு என்று மனிதவளத் துறையினர் சொல்வார்கள். எந்தப் பிரிவுக்கு, எந்த அரசாணைப்படி என்று கேட்டால் பதில் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கேட்டவர்களையும் அதிகம் பார்த்ததில்லை. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் தொழிற்சங்கம் வைக்கலாம், தொழில் தகராறுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. அந்தச் செய்தி எங்கள் வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் போட்டது ஒரு கட்டைவிரல் படம்.

சென்னை திரும்பியதும் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கடந்த மூன்று மாதங்களில் நான் வார விடுமுறையிலும் இரவிலும் வேலை பார்த்த நேரங்களைத் தேதிவாரியாகப் போட்டேன். மொத்தம் 71 மணி நேரம். இவை நிறுவனத்தின் எந்தப் பதிவேட்டில் உள்ளன, எந்தச் சட்டப்பிரிவின்படி இவற்றுக்கு ஊதியம் கணக்கிடப்படுகிறது என்று இரண்டே கேள்வி. அனுப்பும் பொத்தானை அழுத்தக் கை நடுங்கியது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குகிற எனக்கே இப்படி என்றால், 90 ரூபாய் ஷிப்டில் இருந்துகொண்டு ஒரு அரை ஷிப்டுக்காகக் கணக்கப்பிள்ளையிடம் சண்டை போட்டவளின் தைரியம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

பதில் இன்னும் வரவில்லை. மளிகைக் கடையில் கேட்டு ஒரு மாதக் காலண்டர் வாங்கி வந்து மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். நேற்றைய கட்டத்தில் 1½ என்று எழுதப் போனவன், அதை அடித்துவிட்டு 12 மணி நேரம் என்று எழுதினேன்.